சுருக்கத்துக்கு எதிராக எதில் பணம் போடுவது? டர்பன் வெயிலில் ஒரு மூலிகைக் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்துக் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. சாட்ஸ்வொர்த்திலிருந்தோ மெரபேங்கிலிருந்தோ வரும் அண்ணி ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையை வாங்கிப் பையில் போட்டபின், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, முகச் சுருக்கத்துக்கு எந்த மூலிகை நல்லது என்று கேட்பார். போனில் வந்த விளம்பரங்களையும் காட்டுவார். ஒன்று பச்சை ரோய்போஸ் மூலிகைத் தேநீர் என்று சொல்லும், இன்னொன்று முருங்கைப் பொடி என்று சொல்லும், மூன்றாவது மஞ்சள் காப்ஸ்யூல் என்று சொல்லும். எல்லாவற்றிலும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும்.

கேட்கும் அண்ணிகளுக்கும், கேட்கக் கூச்சப்பட்டு மனைவியை அனுப்பும் அண்ணன்களுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மாதம் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அது ரோய்போஸ் தேநீருக்குப் போகலாம், ஹனிபுஷ் என்ற இன்னொரு மூலிகைத் தேநீருக்குப் போகலாம், முருங்கைக்கோ, செறிவுச் சாறு அடைத்த காப்ஸ்யூலுக்கோ, தாவரச் சாறு கலந்த முகக் கிரீமுக்கோ போகலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ராண்ட் இந்தப் பட்டியலிலேயே இல்லாத சன்ஸ்கிரீனுக்கு. அடுத்தது கீரைக்கட்டுக்கும் தேயிலைப் பெட்டிக்கும். மிச்சமிருந்தால் ஒரே ஒரு வகைக் கிரீம். காப்ஸ்யூலுக்கு ஒன்றும் இல்லை. காரணம் சொல்லத்தான் இடம் வேண்டியிருக்கிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்து தொடங்கலாம். ஒரு சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் அளக்கப் பல வழிகள் உண்டு. மிகவும் புழக்கத்தில் இருப்பது டிபிபிஎச் என்ற ஊதா நிறப் பொருளைக் கொண்டு செய்யும் சோதனை. ஃப்ரீ ராடிக்கல் என்றால் மற்றப் பொருள்களைத் தாக்கிச் சேதப்படுத்தும் மூலக்கூறு; அதை அடக்குவதே ஆன்டிஆக்ஸிடன்ட். அந்த ஊதாப் பொருளும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான், ஆனால் நிலையானது. மூலிகைச் சாற்றை அதில் விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு சிறிய அளவில் வெளுக்கிறதோ அவ்வளவு ஆற்றல் என்று கணக்கு. நிறம் மாறுவது பொய்யில்லை. ஆனால் சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. ஒரே இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஓர் எண் வரும், ஆல்கஹாலில் ஊறவைத்தால் வேறு எண் வரும். விற்பவருக்குப் பெரிய எண் எதுவோ அதுவே பெட்டியில் ஏறும்.

அமெரிக்க வேளாண் துறை ஓராக் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுகோலில் உணவுகளை அளந்து ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டிருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அதுவே அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. அதில் உச்சியில் இருந்தவற்றுள் கிராம்பும் ஒன்று. நம் வீட்டுப் பிரியாணியில் தலைமுறை தலைமுறையாகக் கிராம்பு விழுகிறது. அதனால் யாருக்கும் நரை தள்ளிப்போனதாகத் தெரியவில்லை. பட்டியல் போய்ப் பத்தாண்டுக்கு மேலாகியும் ஓராக் எண்ணைத் தாங்கிய டப்பாக்கள் இன்னும் அலமாரியில் நிற்கின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால், தயாரித்தவர் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் அதைச் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்ரீ ராடிக்கல்கள் உடலைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துவதே முதுமைக்குக் காரணம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். அழகான கருத்து. அது சரியென்றால் ஆன்டிஆக்ஸிடன்டை அள்ளி விழுங்கினால் போதும் அல்லவா? விழுங்கியும் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது: தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். இதைப் போன்ற அமெரிக்க ஆய்வு ஒன்றும் அதே திசையில் போனதால் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மாத்திரை எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் வந்ததை 2011-இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வேடிக்கை: உடற்பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்கும் பலன், வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் எடுத்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது. ஃப்ரீ ராடிக்கல் வெறும் எதிரியல்ல. 'சேதம் வருகிறது, தயாராகு' என்று உடலுக்குச் செய்தி சொல்வதும் அதுதான். அந்தக் குரலை அடக்கிவிட்டால் உடல் தன் சொந்தக் காவலைக் கூட்டுவதில்லை.

இதற்காக மூலிகைகளையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. தாவரங்களில் ஆன்டிஆக்ஸிடன்டாகப் பேசப்படும் பாலிஃபீனால் என்ற பொருள்கள் இரத்தத்தில் மிகச் சிறிய அளவிலேயே சேர்கின்றன. குடல் கிருமிகளும் கல்லீரலும் அவற்றை வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. அந்தச் சிறிய அளவு மெதுவாகச் சீண்டி, உடலின் சொந்த நொதிகளை எழுப்பிவிடுகிறது என்பது இன்றைய விளக்கம். இந்த விளக்கம் சரியென்றால் கொஞ்சமாக, நாள்தோறும், உணவாகவும் பானமாகவும் எடுப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டை மூட்டையாகக் காப்ஸ்யூலில் அடைப்பதற்கு இல்லை. ஆகவே ஒவ்வொன்றையும் ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி குழாயைப் பற்றியதல்ல. மனிதர்களிடம் பார்த்தார்களா, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம், எதை அளந்தார்கள்?

அப்படிக் கேட்டால் முதலில் வந்து நிற்பது ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் நடந்த ஆய்வு. குயின்ஸ்லாந்து வெயில் நம் நேட்டால் வெயிலுக்கு ஒன்றும் குறைந்ததல்ல. 55 வயதுக்குட்பட்ட 903 பேர். ஒரு பாதிக்கு அன்றாடம் சன்ஸ்கிரீன், மறு பாதிக்கு அவரவர் இஷ்டம். அதே ஆட்களிடையே ஒரு பகுதியினருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. புறங்கையில் சிலிக்கோன் அச்சு எடுத்துத் தோலின் வரிகளை அளந்தார்கள். நான்கரை ஆண்டு கழித்து, அன்றாடம் பூசியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. பீட்டா கரோட்டினால் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. முடிவு 2013-இல் வெளியானது. வெயில் தடுப்பும் விழுங்கும் ஆன்டிஆக்ஸிடன்டும் ஒரே ஊரில், ஒரே மனிதர்களிடம், ஒரே அளவுகோலில் நேருக்கு நேர் நின்றன. கவுன்ட்டரில் எனக்கு இதைவிட வசதியான சான்று கிடைத்ததில்லை.

நம் நிறம் கறுப்புதானே, நமக்கெதற்குச் சன்ஸ்கிரீன் என்று கேட்பவர்கள் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது என்பது உண்மை. வெள்ளையர்களுக்கு விழுவதுபோல் நமக்குச் சீக்கிரம் சுருக்கம் விழுவதில்லை. நம் தோலில் வெயில் முதலில் எழுதுவது மங்கு. கன்னத்திலும் மேலுதட்டிலும் நெற்றியிலும் கருந்திட்டு, பிறகு சீரற்ற நிறம், அதன் பிறகுதான் சுருக்கம். டர்பனில் கோடை நாட்களில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது புதிதல்ல. தைப்பூசக் காவடி வருவதும் அதே கோடையில்தான். வெறுந்தலையோடு காலை முதல் மதியம்வரை நிற்கிறோம். மங்கு விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் போன்ற நிறத்தவரின் தோலைக் கறுக்க வைக்கும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் உதவுகிறது; முகத்தில் வெள்ளை பூத்ததுபோல் நிற்பதுமில்லை. எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண் 30-க்குக் குறையாமல், யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக, தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கான்சாவின் முத்திரை உள்ளதாகப் பார்த்தால் போதும். விலை அதிகமானது வேண்டியதில்லை. விலை அதிகம் என்பதால் பொட்டளவு தொட்டுப் பூசுவதைவிட, மலிவானதைத் தாராளமாகப் பூசுவது மேல். இங்குள்ள ஜூலு, கோசா பெண்கள் முகத்தில் பூசும் இபோம்வு என்ற செம்மண்ணும் வெயிலுக்கானதுதான். அதை அளந்து பார்த்தபோது பாதுகாப்பு எண் குறைவாகவே வந்தது. ஆனாலும் வெயிலைத்தான் முதலில் தடுக்க வேண்டும் என்ற அந்தக் கிராமத்து அறிவு, நம் விளம்பரங்களின் அறிவைவிடச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

இனி ரோய்போஸ். இந்த நாட்டில் இருந்துகொண்டு இதை விட்டுவிட்டு வேறெதைப் பேசுவது? மேற்குக் கேப்பின் செடர்பெர்க் மலைப்பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும் மட்டுமே வணிக அளவில் விளையும் புதர் இது. கிளான்வில்லியம் அதன் தலைநகர் மாதிரி. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. இதன் பயனை முதலில் அறிந்த பூர்வகுடிகளான கோய், சான் மக்களுக்கு, பண்ணை விலையில் 1.5 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்று 2019-இல் ஓர் ஒப்பந்தமும் ஆனது. நம் பாரம்பரிய மூலிகைகளுக்கு இப்படி ஒரு கணக்கு எப்போது வருமோ.

இதில் இருக்கும் அஸ்பலதின் என்ற பொருள் வேறு தாவரங்களில் கிடைப்பதில்லை. நாம் வழக்கமாகக் குடிக்கும் சிவப்பு ரோய்போஸ், இலையை நசுக்கி, நனைத்து, குவித்து வைத்துப் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்தது. இந்தப் புளிப்பில்தான் நிறமும் இனிய மணமும் வருகின்றன. அஸ்பலதினில் பெரும்பகுதி அழிவதும் இதில்தான். பச்சை ரோய்போஸ் புளிக்கவிடாமல் உடனே உலர்த்தியது என்பதால் அஸ்பலதின் பல மடங்கு அதிகம். விளம்பரம் இதோடு நின்றுவிடும். அஸ்பலதினைக் குடித்தால் உடலுக்குள் சேர்வது மிகச் சிறு பங்குதான் என்பதை அது சொல்லாது.

அதைவிட முக்கியம், மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் பேர்பெற்றது சிவப்பைக் கொண்டு செய்யப்பட்டதுதான். கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இதய நோய் வரும் அபாயத்தில் இருந்த 40 பேருக்குத் தினம் ஆறு கோப்பை சிவப்பு ரோய்போஸ் ஆறு வாரம் கொடுத்தார்கள். இரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்ததன் அடையாளங்கள் குறைந்தன. கெட்ட கொழுப்பு இறங்கியது, நல்ல கொழுப்பு ஏறியது. இது 2011-இல் வந்தது. நாற்பதே பேர், ஆறே வாரம் என்பதையும், முகச் சுருக்கத்தை யாரும் அளக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் சிவப்பை மட்டமாகப் பேசிப் பச்சையை இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளுபவர்களுக்கு இது போதுமான பதில். பச்சையின் புல் வாசம் பிடித்திருந்தால் வாங்குங்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

ரோய்போஸுக்கு வேறொரு பலன் உண்டு, அதைப் பெட்டியில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. 1979-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் உணவிலிருந்து இரும்புச் சத்து எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தார்கள். தண்ணீரோடு 9.34 சதவீதம், ரோய்போஸோடு 7.25, சாதாரணக் கறுப்புத் தேநீரோடு வெறும் 1.70. புரட்டாசி முழுவதும் மரக்கறி உண்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின்னால் கறுப்புத் தேநீர் குடிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சோகை பிடித்த முகத்துக்கு எந்தக் கிரீம் பூசினாலும் பொலிவு வராது. சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்த ஒரு கோப்பையை மட்டும் ரோய்போஸுக்கு மாற்றச் சொல்வேன். காஃபின் கிடையாது, தூக்கம் கெடாது. நல்ல கொதிநீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறினாலும் கசக்காது. மூன்று கரண்டி சர்க்கரை போடுபவரிடம் மட்டும் இந்த மூலிகைப் பேச்சையே எடுப்பதில்லை.

ஹனிபுஷ் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. லாங்க்ளூஃப் பள்ளத்தாக்கிலும் கிழக்குக் கேப் மலைகளிலும் வளரும் இந்தச் செடியில் மாஞ்சிஃபெரின் இருக்கிறது. மாவிலையிலும் மாம்பட்டையிலும் இருக்கும் அதே பொருள். சுருக்கத்தையே நேரடியாக அளந்த ஆய்வு இதற்கு உண்டு. தென்கொரியாவில் 120 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, புளிக்கவைத்த ஹனிபுஷ் சாறு 400 மில்லிகிராம், 800 மில்லிகிராம், வெற்று மாத்திரை என்று 12 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாத முறையில் நடந்தது. கண்ணோரச் சுருக்கமும் தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் சாறு எடுத்தவர்களிடம் மேம்பட்டதாக 2018-இல் எழுதினார்கள். எங்கள் கடையில் விற்கும் ஹனிபுஷ் தேநீர்ப் பை அந்தச் சாறு அல்ல என்பதுதான் சிக்கல். அது தனியாகத் தயாரித்த செறிவுச் சாறு. தேநீரைக் குடித்து அந்தப் பலனை எதிர்பார்ப்பது, ஆய்வின் பெயரைக் கடன் வாங்குவது. ருசிக்காக வாங்குங்கள், ருசி தேனூறியதுபோல் இருக்கும். இதில் பெரும்பகுதி இன்னும் காட்டிலிருந்து வெட்டி வருவது என்பதால் விலை ரோய்போஸைவிடக் கூடுதல்.

முருங்கையைப் பற்றி நம்மவர்களிடம் பேசும்போது எனக்கு எரிச்சலே வரும். வீட்டுக் கொல்லையில் மரம் நிற்கும். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் கட்டுக் கட்டாகக் கீரை கிடைக்கும். அதை விட்டுவிட்டு, அழகான டப்பாவில் வந்த பச்சைப் பொடியைத் தங்க விலைக்கு வாங்கி எலுமிச்சைச் சாற்றில் கலக்கிக் குடிப்பார்கள். ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி என்று டப்பா சொல்லும். அது பறித்த இலைக்கான கணக்கு. உலர்த்தினால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். கொல்லை மரத்தின் இலையைப் பறித்து அன்றே பருப்போடு வேகவைத்தால் அதிலும் கொஞ்சம் போகும்தான், ஆனால் காசு போகாது.

பொடிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாபில் மாதவிடாய் நின்ற 90 பெண்களை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குத் தினம் 7 கிராம் முருங்கை இலைப் பொடி, இன்னொன்றுக்கு 9 கிராம் முளைக்கீரைப் பொடி, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை என்று மூன்று மாதம் நடத்தினார்கள். முருங்கைக் குழுவில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் இரத்த அடையாளம் சுமார் 16 சதவீதமும், கீரைக் குழுவில் சுமார் 10 சதவீதமும் குறைந்தன. உடலின் சொந்தக் காவல் நொதிகள் கூடின. வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியது, ஹீமோகுளோபின் ஏறியது. சிறிய ஆய்வுதான். முருங்கைக்கு அடுத்தபடியாக நின்றது சாதாரண முளைக்கீரை என்பதே எனக்குப் பிடித்த செய்தி. நம் வீடுகளில் 'ஹெர்ப்ஸ்' என்று சொல்லிப் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து இறக்கும் அதே கீரை, ஜூலு வீடுகளில் இமிஃபினோ. அதை விளம்பரப்படுத்த யாருக்கும் லாபமில்லை.

காப்ஸ்யூலுக்கு வருகிறேன். மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. 1998-இல் பெங்களூருவில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் சத்து, சேர்த்தபோது இரத்தத்தில் சேர்வது 20 மடங்கானது. இன்று பெரும்பாலான மஞ்சள் காப்ஸ்யூல்களில் பைப்பரின் இருப்பது இதனால்தான். உடலுக்குள் புகாமல் இருந்த ஒன்றைக் கதவை உடைத்து உள்ளே விட்டால் கல்லீரலுக்குத்தான் முதல் வேலை. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் துணைப்பொருள் எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி பல பேருக்குக் காணப்பட்டு அரசு எச்சரிக்கை விட்டது. பச்சைத் தேயிலையும் இதே கதை. தேநீராகக் குடிப்பவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினையில்லை. சாற்றைக் காப்ஸ்யூலாக்கி, அதன் முக்கியச் சத்தான ஈஜிசிஜி-யை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் குறித்தது. இலை நல்லது என்பதால் இலையின் நூறு மடங்கு இன்னும் நல்லது என்று முடிவுகட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது. குழம்பில் மஞ்சள் போடுங்கள், மிளகும் போடுங்கள். அதற்கு என் கடைக்கு வர வேண்டாம், கிரே ஸ்ட்ரீட் மசாலாக் கடைக்குப் போனால் போதும்.

விழுங்குவதைவிடப் பூசுவதற்குத் தோல் விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு: மருந்து வேண்டிய இடத்திலேயே இறங்குகிறது. இருந்தாலும் கிரீம் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முருங்கை இலைச் சாறு கலந்த கிரீமைப் பற்றி 2014-இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆய்வில் இருந்தவர்கள் 11 ஆண்கள். பதினோரு பேரை வைத்து ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கிரீம் விற்பதை என்னவென்று சொல்வது? வல்லாரை கொஞ்சம் மேல். நம் நேட்டாலிலும் ஈர நிலங்களில் தானாகவே முளைக்கும் இந்தக் கீரையின் மடேகாசோசைடு என்ற பொருளை வைட்டமின் சி-யோடு சேர்த்து 20 பெண்களிடம் ஆறு மாதம் பூசிப் பார்த்ததில் வெயிலால் முதிர்ந்த தோல் தேறியது. அதில் வல்லாரையின் பங்கு எவ்வளவு, வைட்டமினின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

மூலிகைக் கிரீம்களில் என் ஓட்டு பாகுச்சியோலுக்கு. கார்போகரிசி விதையிலிருந்து பிரித்தெடுப்பது. 44 பேரிடம் 12 வாரம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் 0.5 சதவீதப் பாகுச்சியோல் கிரீமை நாளுக்கு இருமுறையும், மற்றவர்கள் 0.5 சதவீத ரெட்டினால் கிரீமை ஒருமுறையும் பூசினார்கள். சுருக்கமும் கருந்திட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குச் செதில் உரிதலும் எரிச்சலும் அதிகம். ரெட்டினால் வகை என்பது தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக நம்பும் மருந்து. அதோடு மோதி ஒரு மூலிகைப் பொருள் சமமாக நின்றது என்பது பெரிய விஷயம், 44 பேர்தான் என்றாலும்.

இதைப் படித்ததும் நலங்கு மாவில் கார்போகரிசி இருக்கிறதே, அதையே கெட்டியாகக் குழைத்துப் பூசிக்கொள்ளலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த விதையில் சோரலென் வகைப் பொருள்களும் இருக்கின்றன. அவை தோலை வெயிலுக்குக் கூசவைப்பவை. பூசியபடி வெயிலில் போனால் கொப்புளமும் கருமையும் வரலாம். கிரீமில் வருவது இவற்றை நீக்கிச் சுத்தம் செய்த பொருள். வீட்டு நலங்கு மாவு குளிக்கும்போது தேய்த்துக் கழுவிவிடுவதற்கானது. முகத்தில் பூசிக்கொண்டு துணி காயப்போடப் போவதற்கானதல்ல.

மருலா எண்ணெய் நல்ல எண்ணெய். ஒலிக் அமிலம் அதிகம் என்பதால் சீக்கிரம் கெடாது, வறண்ட தோலுக்கு இதம். தேங்காயெண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர் வாங்கலாம். அவ்வளவுதான்.

மூலிகைக் கிரீம் என்ற பெயரில் தெருவோரக் கடைகளில் விற்கும் வெளுப்புக் கிரீம்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் ரசாயனத்தைப் பூசிப் பூசி முகம் நிரந்தரமாகக் கறுத்துப்போனவர்களைக் கண்ட இந்த நாடு, 1990-இல் அதை அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்தது. அதற்குப் பிறகும் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த டப்பாக்கள் 'ஹெர்பல்' என்ற பெயரில் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கின்றன. பூசிய ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தால் மகிழ வேண்டாம். மூலிகைக்கு அவ்வளவு வேகம் கிடையாது. உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அது தோலை மெலியவைத்து, பத்து வருட முதுமையை ஒரே வருடத்தில் கொண்டுவந்துவிடும்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்யப்படாத துணை மருந்து என்றால், தரம், பாதுகாப்பு, பயன்பாடு இவற்றுக்காக இது மதிப்பிடப்படவில்லை என்ற வாசகம் சாஃப்ரா என்ற மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரோடு சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வாசகம் இருக்கும் பொருள் மோசம் என்று அர்த்தமில்லை. முன்பக்கத்து வாக்குறுதிக்கு எந்த அதிகாரியும் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். அந்த வாசகமே இல்லாமல் 'முதுமையைத் திருப்பும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். வார்விக் சந்திப்பில் பட்டையும் கிழங்கும் விற்கும், முத்தி எனப்படும் ஆப்பிரிக்க நாட்டு மருந்து வியாபாரிகளிடம் இந்த விஷயத்தில் எனக்கு மரியாதை அதிகம். எந்த நோய்க்கு எது என்று கேட்டுத்தான் தருகிறார்கள். சுருக்கம் என்று கேட்டால் சிரிப்பவர்களும் உண்டு.

மேலே சொன்ன வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் முருங்கையையும் கீரையையும் திடீரென்று கூட்டினால் அவற்றின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். கூட்டுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள், இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் முருங்கைப் பொடியைத் தினசரி ஆக்கினால் சர்க்கரை எதிர்பார்த்ததைவிட இறங்கக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள், ஹனிபுஷ் உட்பட எந்தச் செறிவுச் சாற்றையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரோய்போஸ் அளவு மீறிக் குடித்தவர்களில் கல்லீரல் நொதி உயர்ந்த நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர் நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வகை கூடவே கூடாது, பாகுச்சியோலுக்கும் அவர்களிடம் போதிய சோதனை இல்லை. அவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது சாயல் உள்ள சன்ஸ்கிரீன் ஒன்றும், அகலமான தொப்பி ஒன்றும்தான். தொப்பியை எங்கள் கடையில் விற்பதில்லை, எதிர்ச் சாரியில் கிடைக்கும்.